மின்னிலக்கியமும் பல்லூடக எழுத்தும் கற்பிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ முதன்முறையாக மின்னிலக்கியத் தாள் எடுக்கப்போகும் ஆசிரியர்களுக்கான பக்கம் இது. 15 வாரப் பருவம், வாரம் 4 மணி நேரம், அதில் 2 மணி நேரம் கணினி ஆய்வகம் என்ற கணக்கில் எழுதியிருக்கிறோம். தமிழ்த்துறை, ஆங்கிலத்துறை, காட்சித் தொடர்பியல் மூன்றுக்கும் பொருந்தும்.

மின்நூலும் மின்னிலக்கியம்தானே?

இல்லை. அச்சடித்துக் கொடுத்தாலும் ஒன்றும் குறையாது என்றால் அது திரையில் இருக்கும் அச்சுப் பிரதி. பி.டி.எஃப்., கிண்டில் நாவல், வலைப்பூவில் இட்ட சிறுகதை எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். சொடுக்கும் இடத்தைப் பொறுத்து வேறு வழியில் போகிற கதை, திறக்கும்போதெல்லாம் வேறு வரி தருகிற கவிதை, வாசகரால் நிறுத்த முடியாத வேகத்தில் ஓடுகிற சொற்கள்: இவற்றைத் தாளில் இறக்கினால் படைப்பே போய்விடும். இவைதான் பாடப்பொருள்.

இன்ஸ்டாகிராம் கவிதையையும் மின்னிலக்கியத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. அது நல்ல விவாதம்தான். ஆனால் பத்தாவது வாரத்துக்கு மேல் எடுத்தால்தான் பயன். முதல் வாரமே எடுத்தால் பருவம் முழுக்க வரையறைச் சண்டையிலேயே போகும்.

பல்லூடக எழுத்து என்பதும் இதுவும் ஒன்றா?

பக்கத்து வீடுகள். பல்லூடக எழுத்து பெரும்பாலும் ஒன்றை விளக்கவோ செய்தியாகச் சொல்லவோ எழுதுவது. உரை, படம், ஒலி, காணொளி ஆகியவை வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். மின்னிலக்கியத்தில் கணினியின் நடத்தையே பொருளின் பகுதி. முதல் ஐந்து வாரம் பல்லூடக எழுத்து, மீதி மின்னிலக்கியம் என்று வைத்தால் மாணவர்கள் தடுமாறுவதில்லை.

பல்லூடகத்துக்கு ஒரு பயிற்சி போதும். 300 சொல் உரை, 3 படம், 60 நொடி ஒலி. பொருள், ஊரில் உள்ள ஓர் இடம். ஒப்படைத்த பிறகு, ஒவ்வொருவருடைய பக்கத்திலிருந்தும் ஓர் உறுப்பைப் பக்கத்து மாணவர் நீக்க வேண்டும். நீக்கியது தெரியவே இல்லை என்றால் அந்தப் படமோ ஒலியோ சும்மா உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம். பெரும்பாலும் சிக்குவது ஒலிதான்: உரையில் எழுதியதையே வாசித்துப் பதிவு செய்திருப்பார்கள். உரை சொல்ல முடியாததை, அதாவது பேருந்து நிலையத்தின் அறிவிப்பையோ கறிக்கடைக் கத்திச் சத்தத்தையோ பதிவு செய்யச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

வாசிக்க எதை வைப்பது? எங்கே கிடைக்கும்?

1999இல் அமெரிக்காவில் தொடங்கிய எலக்ட்ரானிக் லிட்டரேச்சர் ஆர்கனைசேஷன் என்ற அமைப்பு 2006, 2011, 2016, 2022 ஆகிய ஆண்டுகளில் நான்கு தொகுப்புகளை இணையத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கிறது. ஒரு பருவத்துக்கு வேண்டியதைவிட அதிகமாகவே அவற்றில் கிடைக்கும். மூன்று வகைக்கு ஒவ்வொன்று எடுத்தால் போதும்.

இணைப்புக் கதைக்கு மைக்கேல் ஜாய்ஸின் 'ஆஃப்டர்நூன், எ ஸ்டோரி'. 1987இல் முதலில் காட்டப்பட்டது, 539 உரைத்துண்டுகள் கொண்டது. எந்தச் சொல்லில் இணைப்பு இருக்கிறது என்று அது காட்டாது. சில இணைப்புகள், குறிப்பிட்ட ஒரு துண்டை முன்பே வாசித்திருந்தால்தான் திறக்கும். இது விலைக்கு விற்கும் படைப்பு. வாங்க வழியில்லை என்றால் அதன் அமைப்பைக் கரும்பலகையில் வரைந்து விளக்கிவிட்டு, தொகுப்பில் உள்ள இலவச இணைப்புக் கதை ஒன்றை வாசிக்க வையுங்கள்.

தானே எழுதும் கவிதைக்கு நிக் மான்ட்ஃபோர்ட்டின் 'டரோக்கோ கார்ஜ்' (2009). தைவானின் மலைப்பள்ளத்தாக்கைப் பற்றி முடிவில்லாமல் வரி வரியாக ஓடிக்கொண்டே இருக்கும். நிரல் சிறியது, திறந்து கிடக்கிறது. சொற்பட்டியலை மட்டும் மாற்றி மற்றவர்கள் எழுதிய மறுஆக்கங்கள் ஏராளம். மாணவர்களும் அதையே செய்யலாம்.

மூன்றாவது, தென்கொரியாவின் சியோல் நகரைச் சேர்ந்த யங்-ஹே சாங் ஹெவி இண்டஸ்ட்ரீஸ் என்ற இணையரின் 'டகோட்டா'. ஜாஸ் முரசுக்கு ஏற்ப சொற்கள் பளிச் பளிச்சென்று வந்துபோகும். இணைப்பு கிடையாது, இடைநிறுத்தமும் கிடையாது. "வேகமாகப் போகிறது, படிக்க முடியவில்லை" என்று வகுப்பு புகார் சொல்லும். அந்தப் புகாரிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்: வாசிப்பின் வேகம் இதுவரை யார் கையில் இருந்தது?

வகுப்பில் எப்படி வாசிக்க வைப்பது? ஆளுக்கு ஒரு வழியில் போய்விடுகிறார்களே?

போகட்டும். இருவர் இருவராக உட்கார வையுங்கள், ஆனால் ஆளுக்கொரு கணினி. ஒரே படைப்பை 20 நிமிடம் வாசித்து, சொடுக்கிய ஒவ்வொன்றையும் தாளில் குறிக்க வேண்டும். அடுத்த 10 நிமிடம் ஒருவருக்கொருவர் கதையைச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாது. எங்கே பிரிந்தார்கள் என்பதைக் குறிப்புத்தாள்களை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரிய திரையில் ஆசிரியர் ஒருவரே சொடுக்கிக் காட்டினால் இது நடக்காது. வகுப்பு அதைப் படம் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போகும்.

மாணவர்களுக்கு நிரல் எழுதத் தெரியாது. எங்கே தொடங்குவது?

தாளிலும் தாயக்கட்டையிலும். இந்தக் கலையின் தொடக்கமும் ஏறக்குறைய அப்படித்தான். 1952இல் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி மான்செஸ்டர் கணினியில் காதல் கடிதங்களை உருவாக்கினார்: வார்ப்புரு ஒன்று, சொற்பட்டியல் சில, நடுவே தற்செயல். 1959இல் ஜெர்மனியில் தியோ லுட்ஸ், காஃப்காவின் நாவல் ஒன்றிலிருந்து 16 எழுவாய்ச் சொற்களையும் 16 பயனிலைச் சொற்களையும் எடுத்து வாக்கியங்கள் உண்டாக்கினார்.

வகுப்பில் இப்படிச் செய்யலாம். மூன்று பத்தி, ஒவ்வொன்றிலும் ஆறு சொல்.

எழுவாய்: காகம், மழை, பேருந்து, விளக்கு, நாய், கடல்.
இடம்: கிணற்றில், மாடியில், சந்தையில், கண்ணாடியில், கருவறையில், வாசலில்.
வினை: உறங்கியது, சிரித்தது, உடைந்தது, காத்திருந்தது, ஒளிந்தது, திரும்பியது.

ஆறு முகமுள்ள கட்டையை மூன்று முறை உருட்டினால் ஒரு வரி. 'பேருந்து கிணற்றில் சிரித்தது.' 'மழை வாசலில் காத்திருந்தது.' மொத்தம் 216 வரி சாத்தியம். ஒவ்வொரு சொல்லும் 36 வரிகளில் வரும் என்பதை மாணவர்களே கணக்கிடட்டும். அப்போதுதான் 'சிரித்தது' என்பதை எடுத்துவிட்டு 'மக்கியது' என்று வைத்தால் கவிதை முழுவதன் நிறமும் எப்படி மாறுகிறது என்பது பிடிபடும். சொற்பட்டியல் தேர்வுதான் இங்கே எழுத்து வேலை. இது கைவந்த பிறகு நிரலுக்குப் போனால் 20 வரி ஜாவாஸ்கிரிப்ட் (உலாவியில் ஓடும் நிரல்மொழி) யாரையும் மிரட்டுவதில்லை.

ஆங்கில நிரலில் தமிழ்ச் சொற்களைப் போட்டால் வாக்கியம் கோணலாகிறதே?

ஆகத்தான் செய்யும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லை அப்படியே எடுத்து வெற்றிடத்தில் செருகலாம். தமிழில் சொல்லே மாறும். மூன்று இடத்தில் இடிக்கும்.

வேற்றுமை: 'மரம்' என்று பட்டியலில் வைத்து நிரலில் 'இல்' ஒட்டினால் 'மரம்இல்' என்று வரும். ஒட்டும் விதிகளை நிரலாக்க முயலாதீர்கள், ஒரு பருவம் அதற்கே போதாது. 'மரத்தில்', 'கிணற்றில்' என்று உருபு சேர்ந்த வடிவத்தையே பட்டியலில் வையுங்கள்.

திணை, பால்: எழுவாய்ப் பட்டியலில் 'தங்கை' நுழைந்த அன்றே 'தங்கை உறங்கியது' வந்துவிடும். மேலே உள்ள பயிற்சியில் எல்லாமே அஃறிணை ஒருமை என்பதைக் கவனித்திருப்பீர்கள், காரணம் இதுதான். உயர்திணை வேண்டும் என்றால் ஒவ்வொரு வினையையும் ஆன், ஆள், ஆர், அது என்று நான்கு வடிவில் எழுதி, ஒவ்வொரு எழுவாயோடும் எந்த வடிவம் என்ற குறியைச் சேர்க்க வேண்டும்.

வலி மிகுதல்: 'காகத்தை எழுப்பியது' சரி, 'காகத்தை பார்த்தது' தவறு, 'காகத்தைப் பார்த்தது' என்று வர வேண்டும். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்குகிறதா என்று பார்த்து ஒற்றைச் சேர்ப்பதற்கு நான்கைந்து வரி நிரல் போதும். ஆனால் ஐகாரத்தில் முடியும் எல்லாவற்றுக்கும் அதைப் பொருத்தாதீர்கள்: 'மழை' என்ற எழுவாய்க்குப் பின்னாலும் ஒற்று முளைத்துவிடும். இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமைச் சொற்களைத் தனிப் பட்டியலாக வைத்து அங்கே மட்டும் பொருத்துங்கள். 'இல்' உருபுக்குப் பின் மிகாது. முதல் பயிற்சிக்கு இடப்பெயர்களைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தமிழ்த்துறை மாணவர்கள் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். மனப்பாடம் செய்த புணர்ச்சி விதி, நிரல் ஓடுமா ஓடாதா என்று தீர்மானிக்கிற விஷயமாக மாறுகிறது.

எந்தக் கருவி நல்லது?

முதல் பருவத்துக்கு ட்வைன். கிளைக்கதை எழுதுவதற்காகக் கிறிஸ் கிளைமஸ் 2009இல் வெளியிட்ட இலவச மென்பொருள். இணையம் இல்லாத ஆய்வகத்தில் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். முடிவில் ஒரே ஓர் எச்.டி.எம்.எல். கோப்பு கிடைக்கும். இணைப்பு எழுதுவது எளிது: [[கதவைத் திற->முற்றம்]] என்றால் 'கதவைத் திற' என்பது வாசகர் பார்ப்பது, 'முற்றம்' போய்ச் சேரும் துண்டின் பெயர்.

ட்வைனில் கட்டளைகளை எப்படி எழுதுவது என்பதைத் தீர்மானிக்கும் ஹார்லோ, சுகர்கியூப் போன்ற கதை வடிவங்களில் ஒன்றை முதல் நாளே தேர்ந்து, வகுப்பு முழுக்க அதையே பயன்படுத்துங்கள். கட்டளைகள் ஒன்றுக்கொன்று வேறு; ஆளுக்கொன்று எடுத்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக் கற்பது நின்றுபோகும். சுகர்கியூபில் மாறிகளுக்கு (நிரல் ஒரு மதிப்பை நினைவில் வைக்கும் இடங்களுக்கு) ஆங்கில எழுத்தில்தான் பெயரிட முடியும்.

இன்ஃபார்ம் 7 அருமையான கருவி. ஆனால் ஆங்கில வாக்கியங்களாக நிரல் எழுத வேண்டும், வாசகரும் ஆங்கிலத்தில் கட்டளை தட்ட வேண்டும். தமிழ்க் கதைக்கு உதவாது. வேறு எந்தக் கருவியானாலும் எடுப்பதற்கு முன் 'கொக்கு, கௌரவம், ஸ்ரீ' என்று தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் விட்டுவிடுங்கள்.

சேமித்த ட்வைன் கதை மறுநாள் காணவில்லை. ஏன்?

உலாவியில் ஓடும் ட்வைன், கதையை அந்தக் கணினியின் அந்த உலாவிக்குள் மட்டுமே வைக்கும். உலாவியின் தரவை யாராவது அழித்தாலும், அணைக்கும்போது பழைய நிலைக்குத் திரும்பும்படி அமைத்த ஆய்வகக் கணினியாக இருந்தாலும் கதை போனதுதான். சஃபாரி இன்னும் மோசம்: அந்தத் தளத்தைத் தொடாமல் 7 நாள் உலாவியைப் பயன்படுத்தினால் சேமிப்பைத் தானே அழித்துவிடும். ஒவ்வொரு வகுப்பின் கடைசி 5 நிமிடமும் கோப்பாக வெளியிட்டு, தேதியோடு பெயரிட்டு, தனக்கே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்பதை விதியாக வையுங்கள். அந்தக் கோப்பைத் திரும்ப ட்வைனில் இறக்கி வேலையைத் தொடரலாம்.

இணைப்பின் பெயரும் துண்டின் பெயரும் ஒன்றுதான். ஆனாலும் இணைப்பு உடைந்ததாகக் காட்டுகிறதே?

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. 'கொ' என்பதை ஒருங்குறியில் (யூனிகோட்) இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: க + ொ என்று இரண்டு குறியீடாகவோ, க + ெ + ா என்று மூன்றாகவோ. திரையில் ஒரே உருவம்தான் தெரியும். கைப்பேசியில் ஒரு விசைப்பலகை, ஆய்வகத்தில் வேறொன்று என்று எழுதும் மாணவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். 'ஔ' எழுத்துக்குப் பதில் ஒ, ள இரண்டையும் தட்டுவதும் இதே சிக்கலைத் தரும். அதைக் கணினியாலும் சரிசெய்ய முடியாது.

தீர்வு: துண்டுகளின் பெயரைத் திரும்பத் தட்டாமல் நகலெடுத்து ஒட்டுவது. இன்னும் பத்திரமாக இருக்க வேண்டும் என்றால் பெயர்களில் ஒகர, ஓகார, ஔகாரம் வராமல் பார்த்துக்கொள்வது. சொந்த நிரல் எழுதுபவர்கள், ஒப்பிடும் முன் இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் (normalize) கட்டளை வழியாக இரு சொற்களையும் அனுப்ப வேண்டும்.

எழுத்து எழுத்தாகத் தோன்றும்படி செய்தால் தமிழ் சிதறுகிறது. என்ன செய்வது?

'நீ' என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு ந, ீ என்று இரண்டு குறியீடு. எழுத்துக்கு எழுத்து பிரிக்கும் ஆங்கில நிரலை அப்படியே எடுத்தால் முதலில் 'ந' தோன்றி, பிறகு 'நீ' ஆகும். ஒவ்வொன்றையும் தனி உறுப்பாக அசைய வைத்தாலோ உயிர்க்குறி அநாதையாகி, புள்ளி வட்டத்தோடு நிற்கும்.

ஜாவாஸ்கிரிப்டில் செக்மென்டர் என்ற வசதி உண்டு; மொழிக்கு ஏற்ப எழுத்துகளைப் பிரித்துத் தரும். குரோம், சஃபாரி ஆகியவற்றில் சில ஆண்டுகளாகவே இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸில் 2024இல்தான் வந்தது. 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டை மட்டும் அது புள்ளி எழுத்து தனி, அடுத்தது தனி என்று வெட்டும். அவை வரும் உரையில் அந்த இணைகளை நீங்களே சேர்த்துவைக்க வேண்டும்.

நிரல் சரியா என்று சோதிக்கத் திருஞானசம்பந்தரின் மாலைமாற்று கைகொடுக்கும்: 'யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா / காணாகாமா காழீயா மாமாயாநீ மாமாயா.' முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றே. இடைவெளிகளை நீக்கினால் 28 எழுத்து, கணினிக்கு 56 குறியீடு. குறியீடு குறியீடாகத் திருப்பினால் கால்களெல்லாம் இடம் மாறிக் குப்பையாகும். செக்மென்டர் கொண்டு பிரித்துத் திருப்பினால் அதே வரிகள் அப்படியே திரும்பி வரும். எழுத்துகளின் அமைப்பை வைத்து விளையாடும் சித்திரக்கவி மரபைப் பாடத்தில் சேர்க்க வழி தேடுபவர்களுக்கு இதைவிட நேரான வாசல் கிடையாது. ஒப்புக்கு ஒரு படம் போட்டு 'அன்றே சொன்னார்கள்' என்று பெருமை பேசுவதைவிட மேல்.

கிளைக்கதையில் எத்தனை கிளை வைக்கச் சொல்வது?

மாணவர்கள் முதலில் எல்லா இடத்திலும் இரண்டு வழி வைப்பார்கள். ஐந்து முறை பிரிந்தாலே 63 துண்டு, 32 முடிவு. துண்டுக்கு 100 சொல் என்றாலும் 6300 சொல் எழுத வேண்டும். வாசகர் ஒரு சுற்றில் பார்ப்பதோ 600. எழுதத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில் களைத்துப்போய், கடைசி முடிவுகளை ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள்.

15 முதல் 25 துண்டு, மொத்தம் 2500 சொல்லுக்குள், 3 முடிவு என்று வரம்பு கட்டுங்கள். பிரிந்த வழிகள் திரும்ப ஒன்றுசேர வேண்டும். ஆனால் சேர்ந்த இடத்தில், எந்த வழியாக வந்தார் என்பதை ஒரு மாறி நினைவில் வைத்து ஒரு வரியையாவது மாற்ற வேண்டும். அப்படி மாறாவிட்டால் வாசகரின் தேர்வுக்கு அர்த்தமே இல்லை.

'இடது பக்கம் போ, வலது பக்கம் போ' வகை இணைப்புகளைத் தடைசெய்யலாம். எந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத வாசகருக்கு அது தேர்வே அல்ல. 'அம்மாவிடம் சொல்', 'சொல்லாதே' என்று வைத்தால் சொடுக்கும் முன் விரல் தயங்கும்.

ஒலி, படம் சேர்க்கும்போது கவனிக்க வேண்டியவை?

ஒலி தானாக ஓடாது. குரோம் 2018 முதல், வாசகர் எதையாவது தொடும்வரை ஒலியைத் தடுக்கிறது. மற்ற உலாவிகளும் அப்படியே. முதல் திரையில் 'தொடங்கு' என்று ஒரு பொத்தான் வையுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யும்போது விமானப் பயன்முறை, மின்விசிறி நிறுத்தம், வாயிலிருந்து ஒரு சாண் தூரம். பேச்சு முடிந்ததும் அறையின் வெறும் ஒலி 30 நொடி. வெட்டி ஒட்டும் இடங்களை நிரப்ப அது வேண்டும். 128 கிலோபிட் எம்.பி.3 என்றால் நிமிடத்துக்கு 1 எம்.பி.க்குச் சற்றுக் குறைவு.

படம் 1600 பிக்சல் அகலத்துக்கு மேல் வேண்டாம். கோப்புப் பெயர்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். விண்டோஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று, சேவையகத்தில் பெரும்பாலும் வேறு. 'என் கணினியில் தெரிந்ததே' என்ற புகாரில் பாதிக்கு இதுதான் காரணம். படத்துக்கு மாற்றுரை (படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதை விவரிக்கும் வரி) கட்டாயம். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் எதையும் ஏற்காதீர்கள், வலிப்பு வரும் ஆபத்து உண்டு.

காப்புரிமை?

இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு. 1960இல் இறந்தவரின் எழுத்து 2021 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. பழைய பாடலானாலும் அதன் அண்மைக்கால உரைக்குத் தனி உரிமை உண்டு. சொற்பட்டியல்களுக்கு, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தின் பிரதிகள் உதவும்; திஸ்கி என்ற பழைய குறியாக்கத்தில் உள்ள கோப்புகளை மட்டும் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். வகுப்பில் காட்டுவதற்குச் சட்டம் சலுகை தருகிறது; இணையத்தில் ஏற்றும் படைப்பில் அந்தச் சலுகையை நம்பித் திரைப்பாடல் சேர்க்காதீர்கள்.

மதிப்பெண் எப்படிப் பிரிப்பது? செயற்கை நுண்ணறிவில் எழுதினால்?

நடத்தையும் பொருளும் சேர்ந்து வேலை செய்கிறதா என்பதற்கு 40, மொழிக்கு 25, செய்முறைக் குறிப்புக்கு 20, ஒப்படைப்பு ஒழுங்குக்கு 15. பளபளப்பான இடைமுகத்துக்குத் தனி மதிப்பெண் வைத்தால் ஏற்கெனவே கணினி தெரிந்தவர்தான் அள்ளிக்கொண்டு போவார்.

செய்முறைக் குறிப்பு 400 சொல்: எதைத் தூக்கி எறிந்தார்கள், ஏன் என்பது இருக்க வேண்டும். தேதியிட்ட பழைய கோப்புகள் குறைந்தது நான்கு. நேர்காணலில் 5 நிமிடம், கண்ணெதிரே ஒரு மாற்றம்: 'இந்தத் துண்டை இரண்டாம் முறை வந்தால் மட்டும் திறக்கும்படி செய்.' தானே செய்தவர் தடுமாறினாலும் எங்கே கை வைப்பது என்று அவருக்குத் தெரியும். நுண்ணறிவுக் கருவியைத் தடைசெய்வதைவிட இது பயன் தரும். நிரலுக்கு அதன் உதவியை அனுமதித்து, கதையின் வரிகளுக்கு மறுப்பது நடைமுறையில் சரியாக வருகிறது.

இந்தப் படைப்புகள் சில ஆண்டு கழித்துத் திறக்குமா?

தானாகத் திறக்காது. இணையத்தில் அசைவூட்டப் படைப்புகளுக்கு ஒரு காலத்தில் பயன்பட்ட ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31இல் நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் அதன் இயக்கியே ஃபிளாஷ் படைப்புகளைத் தடுத்தது. மேலே சொன்ன நான்கு தொகுப்புகளில் முதல் இரண்டில் இருந்த பல படைப்புகள் அன்றோடு உறைந்தன. ஃபிளாஷ் போலவே இயங்கும் ரஃபிள் என்ற போலியாக்கி மென்பொருளால் அவற்றில் சில திரும்ப ஓடுகின்றன. அதற்கும் முந்தைய வட்டுப் படைப்புகளுக்கு டீன் கிரிகரும் ஸ்டூவர்ட் மோல்த்ரப்பும் 'பாத்ஃபைண்டர்ஸ்' திட்டத்தில் (2015) வேறு வழி கண்டார்கள்: பழைய கணினியிலேயே அந்த எழுத்தாளரையும் வாசகர்களையும் உட்கார வைத்து, அவர்கள் பேசிக்கொண்டே வாசிப்பதைக் காணொளியாகப் பதிவு செய்தார்கள்.

மாணவர் ஒப்படைக்கும் ஜிப் கோப்பில் அதே முறையைச் சிறிய அளவில் வையுங்கள். எச்.டி.எம்.எல். கோப்பு, படம், ஒலி எல்லாம் அடங்கிய கோப்புறை, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துரு, இணைய இணைப்பாக அல்லாமல் கோப்பாகவே, கருவியின் பதிப்பு எண், சோதித்த உலாவி, தேதி, உரிமம் எழுதிய ஓர் எளிய உரைக்கோப்பு, யாரோ ஒரு வகுப்புத் தோழர் சத்தமாக வாசித்துக்கொண்டே சொடுக்கும் 5 நிமிடத் திரைப்பதிவு. வாங்கியதும் வைஃபையை அணைத்துவிட்டு வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். அங்கே ஓடாததை அன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம், திருத்த ஒரு வாரம் போதும்.